மெல்லிய வெள்ளைத் தேநீரை ருசித்துப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெள்ளைத் தேநீரை, அதாவது உருட்டாமல் கசக்காமல் வாட வைத்து உலர்த்திய தேயிலையில் போடும் தேநீரை, முதன்முதலாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "சுடுதண்ணி மாதிரி இருக்கு" என்பதுதான். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அந்தக் கோப்பையில் இருந்தது பல நேரம் சுடுதண்ணீருக்கு மிக அருகில்தான் இருந்திருக்கும். இலை குறைவு, ஊறிய நேரம் குறைவு, வாயில் முன்பு சாப்பிட்டதன் காரம் மிச்சம், கொதிக்கக் கொதிக்க ஒரே வாய், அதோடு தீர்ப்பு.

புதிதாக ருசி பார்க்க உட்காருபவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இது: அவர்களுடைய நாக்கில் குறை இல்லை, செய்யும் வரிசையில்தான் குறை. வாய், தண்ணீர், எடை, நேரம் நான்கும் ஒழுங்காக அமைந்துவிட்டால் சுவை தெரிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதி, தேநீர் வாய்க்குள் போவதற்கு முன்பே நடப்பவை. அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. எந்த இலையில் தொடங்குவது

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில், குறிப்பாக ஃபூதிங், ஜெங்ஹே பகுதிகளில் செய்யப்படும் வெள்ளைத் தேயிலை பொதுவாக நான்கு வகையாகக் கிடைக்கும். பைஹாவ் யின்ஜென் எனப்படும் வெள்ளி ஊசி, முழுக்க மொட்டு மட்டுமே. பை முதான் எனப்படும் வெள்ளைப் பியோனி, மொட்டும் அதோடு ஒன்றிரண்டு கொழுந்து இலைகளும். கோங் மெய், ஷோ மெய் இரண்டிலும் இலையின் பங்கு அதிகம்.

பலரும் விலை உயர்ந்தது என்பதற்காக வெள்ளி ஊசியிலேயே தொடங்குகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழக்கமில்லாத வாய்க்கு அது மிகவும் மெல்லியது. வெள்ளைப் பியோனியில் மொட்டின் மென்மையும் இருக்கும், இலையிலிருந்து வரும் பூ மணமும் லேசான துவர்ப்பும் இருக்கும். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும். அதில் வாய் பழகிய பிறகு வெள்ளி ஊசிக்குப் போனால், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மல்லிகை ஏற்றியது, பழ வாசனை சேர்த்தது போன்றவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சேர்த்த வாசனை முன்னால் வந்து நின்றுகொள்ளும். இலையின் சொந்தச் சுவை அதற்குப் பின்னால் போய்விடும். பல வருடம் பழுக்க வைத்த வெள்ளைத் தேயிலையும் வேண்டாம். அதன் சுவை வேறு திசையில் போயிருக்கும். இந்த வருடத்து இலை, அல்லது போன வருடத்து இலை போதும்.

இலையைப் பற்றி இன்னொரு விஷயம் முக்கியம். வெள்ளைத் தேயிலையைப் பறித்து, வாட வைத்து, உலர்த்துகிறார்கள். வேலை அவ்வளவுதான். மற்ற தேயிலைகளைப் போல உருட்டுவதோ கசக்குவதோ கிடையாது. அதனால் இலையின் செல்கள் பெருமளவு உடையாமல் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சாறு தண்ணீரில் இறங்க நேரம் எடுக்கும். இனி வரும் எடை, சூடு, நேரம் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

2. கையருகே இருக்க வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று, 150 மில்லி கொள்ளளவில். மூடியில்லை என்றால் சின்னத் தட்டு ஒன்றால் மூடலாம். தேநீரை வடித்து ஊற்ற இன்னொரு வெள்ளைக் கோப்பை. வடிகட்டி, கரண்டி, டைமர், பேனா, தாள். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

கோப்பை வெள்ளையாக இருக்கச் சொல்வது அழகுக்காக இல்லை. இந்தத் தேநீரின் நிறம் வெளிறிய மஞ்சள். நிறமுள்ள பாத்திரத்தில் அது தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் கோப்பையும், ஏற்கெனவே காபி ஊற்றி வைத்த பிளாஸ்கும் வேண்டாம். காலி கோப்பையில் சூடான தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, உடனே மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனையோ, துணி வாசனையோ, அலமாரியின் மர வாசனையோ வந்தால் இன்னும் இரண்டு முறை வெந்நீரில் அலசுங்கள். இதைச் செய்யாமல், பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை மணத்தைத் தேநீரின் மணம் என்று எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. வாயையும் மூக்கையும் தயார் செய்தல்

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காரமான சாப்பாடு, வெங்காயம், பூண்டு, காபி என்றால் இன்னும் கூடுதல் இடைவெளி. அதற்காக வெறும் வயிற்றிலும் உட்கார வேண்டாம். பசியில் கவனம் நிற்காது, சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

பல் தேய்த்த உடனே ருசி பார்க்காதீர்கள். பெரும்பாலான பற்பசைகளில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்பை மங்கவைத்து, கசப்பைத் தூக்கிக் காட்டும். வெள்ளைத் தேநீரில் நாம் தேடுவதே மெல்லிய இனிப்பு. அது போய்விட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

சென்ட், வாசனைக் கிரீம், வாசனை சோப்பில் கழுவிய கை இவை எல்லாம் கோப்பையைத் தூக்கும்போது நேராக மூக்கருகே வந்து நிற்கும். கையை வாசனையில்லாத சோப்பில் கழுவி, வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சமையல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்யும் வேலை.

நேரம் என்று பார்த்தால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே நல்லது. இன்னொன்று: நிறம் வெளிறி இருப்பதால் இதில் காஃபின் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைச் செடியில் மொட்டிலும் இளங்கொழுந்திலும்தான் காஃபின் அதிகம். ராத்திரி உட்கார்ந்து ஐந்தாறு கோப்பை ருசி பார்த்தால் தூக்கம் கெடும்.

4. முதலில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

கோப்பையில் இருப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர். ஆனால் புதியவர்கள் கடைசியாக யோசிப்பதும் தண்ணீரைத்தான்.

தேநீருக்கு எடுக்கப்போகும் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெதுவெதுப்பாக ஒரு வாய் குடியுங்கள். அதில் சுண்ணாம்பு தெரிகிறதா, குளோரின் தெரிகிறதா, உலோகம் தெரிகிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். பிறகு தேநீரில் அதே ருசி வந்தால் அது இலையுடையது இல்லை என்று தெரியும். இந்த ஒரு வாய்தான் உங்கள் அளவுகோல். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் மெல்லிய சுவையைச் சரியாகச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

உப்பும் சுண்ணாம்பும் அதிகமுள்ள கடினநீர் இந்தத் தேநீருக்குப் பெரிய எதிரி. மணம் அமுங்கிவிடும், நிறம் தேவையில்லாமல் கருக்கும், மேலே மெல்லிய ஆடை போல ஒன்று படியும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சாறோடு சேர்ந்து உண்டாக்குவதுதான் அந்த ஆடை. டி.டி.எஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும் தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது. உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் தேநீர் தட்டையாக, கனமில்லாமல் போகும். வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீர் மிகவும் வெறுமையாக இருந்தால், அதோடு கொஞ்சம் சாதாரணக் குடிநீரைக் கலந்து பாருங்கள்.

குளோரின் வாடை இருந்தால் மூடாமல் சில நிமிடம் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் போய்விடும். குளோரினுக்குப் பதில் குளோரமின் என்ற கிருமிநாசினி சேர்த்த தண்ணீர் என்றால் இப்படிப் போகாது, கரி வடிகட்டி வேண்டும்.

5. கண்டிப்பாக எடை போடுங்கள்

150 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை. ருசி பார்க்கத் தேநீர் தயாரிப்பதற்கென்று 1980-இல் வந்த ஐ.எஸ்.ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரமும் 100 மில்லிக்கு 2 கிராம் என்கிறது. சீனத் தேயிலை மதிப்பீட்டாளர்கள் பயன்படுத்தும் அளவும் 3 கிராமுக்கு 150 மில்லிதான்.

ஸ்பூனால் அளப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்யும் தப்பு. உருட்டாத இலை என்பதால் இது பஞ்சு போல இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு டீஸ்பூனில் பொடித்த கறுப்புத் தேயிலை நிறைய நிற்கும். அதே ஸ்பூனில் வெள்ளைப் பியோனி ஒரு கிராம்கூட ஏறாது, இலை பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஸ்பூன் போட்டு "சுவையே இல்லை" என்பவர் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் போட்டிருக்கிறார்.

தராசில் 3 கிராமை முதல் தடவை பார்க்கும்போது இவ்வளவா என்று தோன்றும். கோப்பையில் பாதிக்கு மேல் இலையாகத் தெரியும். பயப்படாதீர்கள், தண்ணீர் பட்டதும் படிந்துவிடும்.

6. உலர்ந்த இலையைப் பார்த்தல், முகர்தல்

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் இலையைப் பரப்புங்கள். நல்ல மொட்டு பருமனாக, மேலே வெள்ளி நிறத்தில் அடர்ந்த பூனைமுடியோடு இருக்கும். இலைகள் மேல்பக்கம் சாம்பல் கலந்த பச்சை, அடிப்பக்கம் வெளிறல். விளிம்புகள் நிறைய சிவந்தோ கறுத்தோ இருந்தால் வாட வைக்கும்போது நசுங்கியிருக்கலாம் அல்லது சூடு ஏறியிருக்கலாம். தூளும் காம்பும் அதிகமானால் ஊறும் வேகம் மாறும். தூள் சீக்கிரம் கசந்துவிடும்.

அப்புறம் மணம். இலையை அப்படியே முகர்ந்தால் அதிகம் வராது. கோப்பையில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, நீரைக் கொட்டி, ஈரத்தைத் துடைத்துவிட்டு இலையைப் போட்டு மூடுங்கள். அரை நிமிடம் கழித்து மூடியை ஓரமாகத் திறந்து முகருங்கள். சூடு பட்டதும் மணம் எழும்பி வரும்: காய்ந்த வைக்கோல், காட்டுப்பூ, லேசான தேன், சில சமயம் பால்பவுடர் போன்ற ஒன்று.

நீண்ட மூச்சாக இழுக்க வேண்டாம். நாய் மோப்பம் பிடிப்பதுபோல இரண்டு மூன்று குட்டி மூச்சு, பிறகு மூக்கை விலக்கிவிடுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் ஒன்றும் தெரியாது. மரத்துவிட்டால் ஒரு நிமிடம் வெறும் காற்றை இழுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

இந்தக் கட்டத்திலேயே பழைய அட்டைப்பெட்டி, பூஞ்சை, புகை, அலமாரியில் பக்கத்தில் இருந்த மசாலாவின் வாடை ஏதாவது வந்தால் குறித்து வையுங்கள். தேநீரில் அவை மறையாது.

7. ஊறவைத்தல்

தண்ணீர் 90 முதல் 95 டிகிரி. கொதித்த கெட்டிலின் மூடியைத் திறந்து ஓரிரு நிமிடம் விட்டால் பெரும்பாலும் அங்கே வந்துவிடும். பச்சைத் தேநீருக்குச் சொல்லும் 70, 75 டிகிரியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் நிறைய. "மென்மையான இலை, கருகிவிடும்" என்று பயப்படுகிறார்கள். செல்கள் உடையாத, மேலே முடி போர்த்திய மொட்டுக்குள் அந்த வெதுவெதுப்பான தண்ணீர் போகவே கஷ்டப்படும். தேயிலையை மதிப்பிடுவதையே தொழிலாகச் செய்பவர்கள் கொதிநீரையே ஊற்றுகிறார்கள், குறை இருந்தால் வெளியே வரட்டும் என்று. ரசித்துக் குடிப்பதற்கு 85 டிகிரிகூட இதமாக இருக்கும். ஆனால் ருசியைப் படிக்க உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் சூடு கூடுதலாக இருப்பதே நல்லது.

தண்ணீரை இலையின் மேலேயே, கோப்பையைச் சுற்றி வட்டமாக ஊற்றுங்கள். மொட்டுகளின் முடிக்குள் காற்று சிக்கியிருப்பதால் அவை மிதக்கும். ஓரத்தில் மட்டும் ஊற்றினால் மேல் பாதி காய்ந்தபடியே நிற்கும். மூடிவிட்டு டைமரை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். கரண்டியால் கலக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் நீளமாகத் தெரியும். நடுவில் திறந்து பார்த்து, நிறம் வரவில்லையே என்று இன்னும் இலை போடுபவர்கள் உண்டு. நிறத்தை வைத்து இங்கே பலத்தைக் கணக்கிட முடியாது. வெளிறிய மஞ்சளிலேயே முழுச் சுவை இறங்கியிருக்கும்.

நேரம் முடிந்ததும் முதலில் மூடியின் அடிப்பக்கத்தை முகருங்கள். ஆவி படிந்த அந்த இடத்தில் மணம் செறிந்திருக்கும், கோப்பையில் வருவதைவிடத் தெளிவாக வரும். பிறகு தேநீரை ஒரு சொட்டு விடாமல் இன்னொரு கோப்பைக்கு வடித்துவிடுங்கள். இலையோடு மிச்சம் விட்டால் அடுத்த ஊறல் கெட்டுப்போகும்.

8. நிறமும் ஊறிய இலையும்

வடித்த தேநீர் தெளிவாக இருக்க வேண்டும். மேலே நுண்ணிய தூசி போல மினுமினுப்பாக மிதந்தால் அது அழுக்கு இல்லை, மொட்டின் முடி. பாலாடை போலக் கலங்கியிருந்தால் தண்ணீரையோ இலையின் தூளையோ சந்தேகப்படலாம்.

ஊறிய இலையைத் தட்டில் கொட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். இளங்கொழுந்து மெத்தென்று நசுங்கித் திரும்பும். முற்றியது நார் போலக் கையில் தட்டும். சூடாக இருக்கும்போது ஒரு தடவை, ஆறிய பிறகு ஒரு தடவை முகருங்கள். புளித்த வாடையோ ஈரத்துணி வாடையோ இருந்தால் ஆறிய இலைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

9. முதல் வாய்

கோப்பையை உடனே வாயில் வைக்காதீர்கள். 50 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறட்டும். வடித்த கோப்பையை விரலால் சுற்றிப் பிடித்தால் சூடு தெரிகிறது, ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை என்ற நிலை வந்தால் சரி. அதற்கு மேல் நாக்கு சூட்டைத்தான் உணரும், சுவையை உணராது. மிகச் சூடாகக் குடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு: 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

கரண்டியில் ஒரு வாய் எடுத்து, சத்தம் வர உறிஞ்சுங்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும் இதற்கு வேலை உண்டு. காற்றோடு சேர்ந்து தேநீர் நுண்துளிகளாகச் சிதறி வாய் முழுக்கப் பரவும். மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். அமைதியாக விழுங்கினால் இந்த மணத்தில் பாதியை இழந்துவிடுவீர்கள்.

வாயில் மூன்று நான்கு நொடி வைத்து, நாக்கின் மேலேயும் கன்னங்களிலும் ஓடவிட்டு, பிறகு விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். முடிந்ததும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். இந்த மூச்சை விடும் நொடிதான் வெள்ளைத் தேநீரில் மிக முக்கியமானது. பூவும் தேனும் வெள்ளரியும் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. புதியவர்கள் விழுங்கியதும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிப் பேசினால் அந்த மணம் கவனத்துக்கே வராமல் போய்விடும்.

நம்ப முடியவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். லேசான இனிப்பும் கொஞ்சம் துவர்ப்பும் மட்டும் இருக்கும். வாயில் வைத்தபடியே மூக்கை விடுங்கள். திடீரென்று மணம் வந்து நிறையும். நாக்கு தருவது எது, மூக்கு தருவது எது என்று பிரித்தறிய இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வாயிலும் எல்லாவற்றையும் தேடாதீர்கள். ஒரு வாய்க்கு ஒரே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் வெறுமனே வாயைப் பழக்க. அதில் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவது வாயில் இனிப்பு எங்கே, எப்போது வருகிறது? பெரும்பாலும் விழுங்கிய பிறகு தொண்டைக்கு அருகில்தான் எட்டிப்பார்க்கும். மூன்றாவதில் கனம்: தண்ணீரைப் போல ஓடுகிறதா, கொஞ்சம் கொழகொழப்பாக, வழுக்கிக்கொண்டு போகிறதா? முதலில் குடித்த வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நான்காவதில் துவர்ப்பு. இதைக் கசப்போடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கசப்பு நாக்கில் தெரியும். துவர்ப்பு, உமிழ்நீரிலுள்ள புரதங்களைத் தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு சுருங்குவது. ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் நாக்கை ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பாகப் படும். நல்ல வெள்ளைத் தேநீரில் இது மெலிதாக வந்து, வாயில் திரும்ப நீர் ஊறி, பின்னால் ஓர் இனிப்பை விட்டுவிட்டுப் போகும். போகாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் சூடோ நேரமோ அதிகமாகியிருக்கலாம். துவர்ப்பு வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும் என்பதால், நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து அரை நிமிடம் விடுங்கள்.

10. ஆற ஆறத் திரும்பக் குடியுங்கள்

முதல் சூட்டிலேயே முழுக் கோப்பையையும் முடித்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும். அடுத்த பங்கை உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகும், கடைசியை முழுக்க ஆறிய பிறகும் குடியுங்கள்.

சூடாக இருக்கும்போது மணம் மேலே நிற்கும். வெதுவெதுப்பில் இனிப்பும் கனமும் நன்றாகத் தெரியும். என் அனுபவத்தில் இந்தக் கட்டத்தில்தான் "ஓ, இதுதானா" என்று பலர் முகம் மாறுகிறது. முழுக்க ஆறியதில் குறைகள் ஒளிய இடமில்லாமல் வெளியே வரும். பச்சைப்புல் வாடை தூக்கலாக இருந்தால் இலை போதுமான அளவு வாடவில்லை. புளிப்பு இருந்தால் ஈரத்தோடு தாமதமாக உலர்ந்திருக்கலாம். ஆறியும் இனிப்பாக, சுத்தமாக இருக்கிறது என்றால் நல்ல இலை. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் நம்புவது ஆறிய கோப்பையைத்தான்.

11. எழுதும் முறை

பொட்டலத்தில் எழுதியிருப்பதை முதலில் படிக்காதீர்கள். "முலாம்பழம், தேன்" என்று படித்துவிட்டால் உங்கள் மூளை முலாம்பழத்தையும் தேனையும் கொண்டுவந்து கொடுத்துவிடும். எழுதி முடித்த பிறகு ஒப்பிடுங்கள்.

சரியான சொல் வரவில்லை என்று தவிக்க வேண்டாம். பெரிய பிரிவிலிருந்து சின்னதுக்குப் போங்கள். பூவா, பழமா, புல்லா, தானியமா, பாலா, மரமா? பூ என்றால் கனத்த மணமுள்ள பூவா, வெளியில் பூக்கும் மெல்லிய காட்டுப்பூவா? பழம் என்றால் பச்சையா, பழுத்ததா, உலர்ந்ததா? இரண்டாவது படியோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை. "ஏதோ பச்சையான பழம், தோலோடு" என்பது நேர்மையான குறிப்பு. தெரியாத பழத்தின் பெயரை எழுதுவதைவிட அது பயன்படும்.

பெயரைவிட அளவு முக்கியம். மணம், இனிப்பு, துவர்ப்பு, கசப்பு, கனம், விழுங்கிய பிறகு நிற்கும் நேரம், இந்த ஆறுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். பக்கத்தில் எடை, தண்ணீர், சூடு, நேரம். அடுத்த முறை எதை மாற்றுவது என்பதை இந்த எண்கள்தான் சொல்லும். கூட ஆள் இருந்தால், எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுபவர் சொன்னதே மற்ற எல்லோருடைய தாளிலும் வந்துவிடும்.

12. இரண்டாவது, மூன்றாவது ஊறல்

அதே இலையில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டாவது தடவை ஐந்து நிமிடம், மூன்றாவது தடவை எட்டு நிமிடம் விடுங்கள். மொட்டுக்குள் ஈரம் முழுதாக இறங்குவதற்கே முதல் ஊறலில் பாதி நேரம் போய்விடுகிறது. அதனால் வெள்ளி ஊசியில் இரண்டாவது கோப்பை முதலாவதைவிடச் செறிவாக வருவது சாதாரணம். முதல் கோப்பையோடு இலையைத் தூக்கிப் போடுபவர்கள் நல்ல பங்கை இழக்கிறார்கள்.

13. ஒன்றோடு ஒன்று ஒப்பிடுதல்

தனியாக ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மெல்லிய சுவையைப் பிடிப்பது கடினம். இரண்டை அருகருகே வைத்தால் பாதி வேலை குறைந்துவிடும். தொடக்கத்துக்கு ஒரே இலையை 3 கிராம் ஒரு கோப்பையிலும் 1.5 கிராம் இன்னொன்றிலும், அதே தண்ணீர், அதே நேரத்தில் ஊறவையுங்கள். மெலிந்ததை முதலில், செறிந்ததை அடுத்து, திரும்ப மெலிந்ததைக் குடியுங்கள். மூன்றாவது வாயில், முதலில் "ஒன்றுமில்லை" என்று தோன்றிய கோப்பையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் வெள்ளைப் பியோனியையும் வெள்ளி ஊசியையும் இதேபோல ஒப்பிடலாம். ஒரே நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். இலையையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாய் பழகிவிட்டதா என்று சோதிக்க முக்கோணச் சோதனை இருக்கிறது. இன்னொருவர் மூன்று ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றித் தரட்டும். இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாக வரும் என்பதால், ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆறு முறை செய்து ஐந்து முறையாவது சரி என்றால், அது தற்செயலாக நடக்க 100-க்கு 2 வாய்ப்புதான். கோப்பைகளின் சூடு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆறு சோதனையையும் ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துவர்ப்பு ஏறிய வாய் பொய் சொல்லும்.

14. இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றால்

எல்லாம் செய்தும் தண்ணீர் மாதிரியே இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் எடை, தராசில் மறுபடி போடுங்கள். அடுத்து நேரத்தை ஏழு நிமிடமாக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கொதிநீரை நேராக ஊற்றுங்கள். பிறகு வேறு தண்ணீர். இவை நான்கிலும் மாற்றமில்லை என்றால் இலை பழசாகி மணம் போயிருக்கும். வேறு இலை வாங்குவதுதான் வழி.

கசப்பும் வறட்சியும் மட்டும் தெரிந்தால் சூட்டை 85 டிகிரிக்கு இறக்குங்கள், இலையைக் குறைக்காதீர்கள். சூடு குறைந்தால் கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாக இறங்கும். இனிப்புக்கும் மென்மைக்கும் காரணமான அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலும் இறங்கிவிடும். இலையைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

சர்க்கரை, பால், எலுமிச்சை எதுவும் ருசி பார்க்கும்போது வேண்டாம். பிறகு வீட்டில் எப்படிக் குடிப்பது என்பது உங்கள் விருப்பம்.

மிச்சமிருக்கும் இலையைக் காற்றை வெளியேற்றி, இறுக மூடும் பையில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். மசாலா, சோப்பு, காபி இருக்கும் அலமாரி கூடாது. காய்ந்த தேயிலை பக்கத்து வாசனையை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால், வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த இலையின் மேல் ஈரம் படிந்துவிடும், அடுத்த வாரம் ருசி பார்க்கும்போது அட்டை வாடைதான் வரும்.